வகுப்பறை யாருக்குச் சொந்தம்?

நமது கல்வியுலகிலே இன்று ஒரு புதிய மந்திரம் உரத்து ஓதப்படுகின்றது. ‘டிஜிட்டல் மயமாக்கம்’ என்பது அதன் பெயர். அமைச்சர்கள் மேடையிலே ஓதுகின்றனர். அதிகாரிகள் சுற்றறிக்கையிலே ஓதுகின்றனர். கணினி விற்போர் விளம்பரத்திலே ஓதுகின்றனர். ஓதுவோர் பலராயினும் ஒரு வினாவை மட்டும் அவர்களுள் எவரும் எழுப்புவதாகத் தெரியவில்லை. கணினிக்குள்ளே அமையப்போகும் அந்த வகுப்பறை யாருக்குச் சொந்தமாக இருக்கும் என்பதே அவ்வினா.

கணினியை நாம் வெறுப்பவர் அல்லோம். புதிய உற்பத்திக் கருவி தோன்றும்போதெல்லாம் அதனைக் கண்டு அஞ்சி ஒதுங்குவது பழைமைவாதிகளின் வழக்கம். ஆனால் கருவி யார் கையில் இருக்கின்றது, அதனால் ஆதாயம் அடைபவர் யார், அதற்காக வியர்வை சிந்துபவர் யார் என்று கேளாமல் கருவியைக் கும்பிடுவதும் முற்போக்கு ஆகாது. அது புதிய தெய்வத்துக்குப் பழைய பூசை செய்வதேயாகும்.

‘கற்றல் முகாமைத்துவ மென்பொருள்’ என்று வழங்கப்படும் பொருளை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் தம் பாடக்குறிப்புகளை அதனுள்ளே வைக்கின்றார். மாணவர் ஒப்படைகளை அதன்மூலம் சமர்ப்பிக்கின்றனர். வினாத்தாள் வழங்குதல், புள்ளியிடுதல், ஐயம் கேட்டல், விடை கூறல் யாவும் அங்கேயே நிகழ்கின்றன. கரும்பலகை, பாடக்குறிப்பு, ஒப்படைக் கொப்பி, புள்ளிப்பட்டியல் ஆகிய நான்கும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு பொருள் அது. ஆகவே அதனை வைத்திருப்பவன் வெறும் மென்பொருளை வைத்திருக்கின்றான் என்று எண்ணுதல் தவறு. பாடசாலையின் நினைவையே அவன் வைத்திருக்கின்றான்.

இம்மென்பொருள் இரு வகையினது. ஒன்று, கம்பனிகளின் உடைமை. அதன் உள்ளமைப்பு மூடிய பெட்டி. காசு கொடுத்தோ, காசுக்குப் பதிலாக நம்மைப் பற்றிய தகவல்களைக் கொடுத்தோ அதனைப் பயன்படுத்தலாம். மற்றையது, மூலநிரலைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள். அதனை எவரும் எடுத்துத் தம் கணினியில் நிறுவலாம், படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். இவ்விரண்டாம் வகையிலே உலகெங்கும் பரவியிருப்பது ‘மூடில்’ என்பது. நமக்கும் அது புதிதன்று. பேராதனை, மொறட்டுவை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்கள் அதனைப் பயன்படுத்தி வருகின்றன. நமது கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளமும் மூடிலைக் கொண்டு கட்டப்பட்டதே.

இவ்விடயத்தில் இரு சாரார் நம்மிடையே உளர். ‘கம்பனிகள் இலவசமாகவே தருகின்றன, பிறகு எதற்காக நாமே கட்டி மாரடிக்க வேண்டும்?’ என்பவர் ஒரு சாரார். ‘திறந்த மூல மென்பொருள் வந்துவிட்டது, இனிச் செலவே இல்லை, எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது’ என்று குதிப்பவர் மற்றொரு சாரார். முந்தியவர்களின் கூற்று அபாயகரமானது. பிந்தியவர்களின் கூற்று அரைகுறையானது. இரண்டையும் ஆராய்வோம்.

முதலில் கம்பனிகளின் தர்மசிந்தையைப் பார்ப்போம்.

‘எட்மோடோ’ என்றொரு தளம் 2008இல் அமெரிக்காவிலே தோன்றியது. ஆசிரியர்களுக்கு இலவசம் என்றார்கள். உலகெங்குமிருந்து கோடிக்கணக்கானோர் சேர்ந்தனர். 2017இல் அத்தளத்தின் 7 கோடி 70 இலட்சம் கணக்குகளின் விபரங்கள் களவாடப்பட்டன. 2018இல் அது வேறொரு கம்பனிக்கு விற்கப்பட்டது. 2020இல் கொரோனாத் தொற்று பரவிப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எகிப்து நாட்டின் கல்வி அமைச்சு தன் மாணவர்களுக்கான தளமாக இதனையே தெரிந்தெடுத்தது. இரண்டே ஆண்டுகள்! 2022 செப்டெம்பர் 22 அன்று எட்மோடோ கடையை மூடிக்கொண்டது. அடுத்த ஆண்டு, சிறுவர்களின் தகவல்களைப் பெற்றோரின் சம்மதமின்றித் திரட்டி விளம்பரத்துக்குப் பயன்படுத்தியமைக்காக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு அக்கம்பனிக்கு 60 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. இலவசம் என்று சொல்லப்பட்டதற்கு விலை எதுவென்பது அப்போதுதான் பலருக்கு விளங்கிற்று. பிள்ளைகளே அந்த விலை.

எட்மோடோ சிறியது, கூகுள் பெரியது, அது ஓடிவிடாது என்பார்கள். கல்வி நிறுவனங்களுக்கு எல்லையற்ற சேமிப்பிடம் தருவதாக 2014இலே கூகுள் அறிவித்தது. 2021 பெப்ரவரியில் அச்சொல்லை அது திரும்பப் பெற்றது. ஒரு நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் என்ற எல்லை 2022 யூலை முதல் நடைமுறைக்கு வரும் என்றது. ஒரு சிற்றூர்ப் பாடசாலைக்கு அவ்வளவு இடமே ஏராளம் என்பதை நாம் மறுக்கவில்லை. அளவு அன்று நமது கவலை. எல்லை இல்லை என்று சொன்னவனும் அவனே, எல்லை உண்டு என்று சொன்னவனும் அவனே. நமது பல்கலைக்கழகங்களையும் பாடசாலைகளையும் யார் கேட்டார்கள்? குத்தகை நிலத்திலே வீடு கட்டியவனின் நிலை இது. நிலக்காரன் நல்லவனாக இருக்கும்வரை வீடு நிற்கும்.

காசு வாங்கிக்கொண்டு விற்பவர்களின் கதை இன்னும் தெளிவானது. அமெரிக்காவின் ‘பிளாக்போர்ட்’ கம்பனி 2006இலே, இணையவழிக் கற்பித்தலின் அடிப்படை முறைகள் சிலவற்றுக்குத் தானே காப்புரிமையாளன் என்று பட்டயம் பெற்றது. ஒரே மனிதர் ஒரு பாடத்தில் ஆசிரியராகவும் மற்றொரு பாடத்தில் மாணவராகவும் இருக்க இடமளிக்கும் ஏற்பாடும் அந்த உரிமைக் கோரிக்கையுள் அடங்கியிருந்தது! அப்பட்டயத்தை வாளாக ஏந்தி, ‘டிசையர் ரூ லேர்ன்’ என்ற கனேடியக் கம்பனிமீது வழக்குத் தொடுத்தது. 2008இல் ரெக்சஸ் மாநிலத்திலுள்ள நீதிமன்றமொன்றின் யூரிமார் 31 இலட்சம் டொலர் நட்டஈடு விதித்தனர். 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமைக் கோரிக்கைகள் செல்லா என்று தீர்த்தது. கற்பித்தல் என்ற மனிதகுலத்தின் பழைய தொழிலுக்கு வேலி போட முனைந்த அக்கம்பனி, இடையிலே தன் போட்டியாளர்களான ‘வெப்சிரி’யையும் ‘ஏஞ்சலை’யும் விழுங்கி ஏப்பமிட்டிருந்தது. இன்று பலராலும் புகழப்படும் ‘கான்வஸ்’ மென்பொருளின் உரிமைக் கம்பனியான ‘இன்ஸ்ரக்சர்’ 2020இல் ஒரு முதலீட்டுக் கூட்டத்தாரிடமும், 2024இல் 480 கோடி டொலர் விலைக்கு ‘கே.கே.ஆர்.’ என்ற மற்றொரு முதலீட்டுக் கூட்டத்தாரிடமும் கைமாறியது. தேயிலைத் தோட்டம் கைமாறுவது போல வகுப்பறையும் கைமாறுகின்றது. தோட்டம் விற்கப்படும்போது அதிலே உழைப்பவரை யாரும் கேட்பதில்லை என்பது நமது மலையக மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமன்று.

நமது நாட்டின் நிலையிலே இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கம்பனிகளின் சந்தா டொலரிலே கணக்கிடப்படுகின்றது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்திலே கடதாசி வாங்க அந்நியச் செலாவணி இன்றி மேல்மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கடதாசிக்கே டொலர் இல்லாத நாடு மென்பொருட் சந்தாவுக்கு எங்கே போகும்? சந்தா கட்டத் தவறிய அன்று வகுப்பறையின் கதவு அடைபடும். கடன்காரனின் கையிலே திறவுகோலைக் கொடுத்துவிட்டுப் படிக்கப் போவதற்கு நிகரானது இது.

இந்தப் பின்னணியில் நோக்கும்போதே திறந்த மூல மென்பொருளின் பெருமை விளங்கும். மூடிலை உருவாக்கியவர் மாட்டின் டூகியாமஸ் என்னும் அவுஸ்திரேலியர். மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்திலே, பாடசாலைக்கு நெடுந்தூரத்தில் வாழ்ந்த சிறுவனாக, வானொலிவழிப் பாடசாலையிலே படித்தவர் அவர். பேர்த் நகரின் கேட்டின் பல்கலைக்கழகத்திலே வணிக மென்பொருளொன்றைப் பராமரிக்கும் பணியிலிருந்து, அதிலே அதிருப்தியுற்று, 2002 ஓகஸ்டிலே மூடிலின் முதற் பதிப்பை வெளியிட்டார். ‘ஜி.பி.எல்.’ என்னும் பொது உரிமத்தின்கீழ் அது வெளிவந்தது. ரிச்சட் ஸ்ரோல்மன் 1983இலே தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் விளைவு அவ்வுரிமம். அதன் சாரம் எளியது: இதனை எடுத்துக்கொள், மாற்று, பிறருக்குக் கொடு, ஆனால் கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமையை அவருக்கும் கொடு. பொதுக் கிணற்றிலே தண்ணீர் அள்ளலாம். கிணற்றுக்கு வேலி போடலாகாது. கிணற்றடியிலே யார் நிற்கலாம், யார் நிற்கலாகாது என்ற கொடுமையைக் கண்ட சமுதாயம் நமது. பொதுக் கிணறு என்ற சொல்லின் கனதி நமக்குத் தெரியும்.

இவ்வுரிமத்தால் நடைமுறையிலே விளையும் நன்மைகள் சில்லறையானவை அல்ல. உரிமக் கட்டணம் இல்லை. பத்து மாணவர் படித்தாலும் பத்தாயிரம் மாணவர் படித்தாலும் தலைக்கு இவ்வளவு என்று எவரும் கணக்குக் கேட்க முடியாது. ஒரு பாடம் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டி எடுத்து வேறொரு பாடசாலையின் தளத்திலே அப்படியே விரிக்கலாம். ஆகவே கிளிநொச்சியிலே ஓர் ஆசிரியை தயாரித்த இரசாயனவியல் வினாவங்கியை அக்கரைப்பற்றிலே இன்னோர் ஆசிரியர் தமது வகுப்புக்குத் திருத்தி எடுத்துக்கொள்ளலாம். தகவல்கள் நமது கணினியிலே தங்குகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, இணையமே இல்லாத இடத்திலும் அது இயங்கும். பாடசாலையின் ஓர் அறையிலே ஒரு கணினியில் நிறுவி, உள்ளகக் கம்பியில்லா வலையமைப்பின் மூலம் வகுப்பிலுள்ளோர் யாவரும் பயன்படுத்தலாம். ‘ராஸ்பெரி பை’ என்னும் உள்ளங்கையளவு கணினியிலேயே மூடிலை இயக்கும் ஏற்பாடும் உண்டு. 2021இலே ஊவாவின் மலைக்கிராமமொன்றிலே பிள்ளைகளும் ஆசிரியர்களும் அலைபேசிச் சமிக்ஞையைத் தேடிக் குன்றின் உச்சிக்கு ஏறிய காட்சியை உலகம் முழுவதும் பத்திரிகைகளிலே கண்டது. சமிக்ஞையைத் தேடி மாணவன் மலையேறுவதா, பாடத்தை மாணவன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதா என்பதே கேள்வி. இரண்டாவது வழியைத் திறந்துவைப்பது திறந்த மூல மென்பொருளே.

நமது வரலாற்றிலே இதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. ஆறுமுக நாவலர் 1848இலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். பாடசாலை இருந்தால் மட்டும் போதாது, பாடநூலை அச்சிடும் கருவியும் தம் கையில் இருத்தல் வேண்டும் என்பதை மிஷனரிமாரின் அச்சுக்கூடங்களைக் கண்ணுற்ற அவர் ஐயந்திரிபற உணர்ந்திருந்தார். நாவலரின் சாதிநோக்கை நாம் ஏற்பவர் அல்லோம்; அவர் கட்டிய பாடசாலையின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதை மறைப்பவரும் அல்லோம். எனினும், கருவியின் உடைமை பற்றிய அவரது தெளிவு, இன்று வெள்ளைக்காரக் கம்பனியின் கணக்கொன்றைத் திறந்துகொடுத்துவிட்டுக் கல்வி நவீனமாயிற்று என்று மார்தட்டும் கனவான்களிடம் இல்லை.

இனி, மற்றைச் சாராரிடம் வருவோம்.

ஆங்கிலத்திலே இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால் அம்மொழியாளரிடையே பெருங்குழப்பம் உண்டு. தமிழிலே இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. ஆயினும் நம்மவர் அந்தக் குழப்பத்தையும் இறக்குமதி செய்துகொண்டனர். மூடில் சுதந்திரமானது, இலவசமானதன்று. 1945இலே கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியும் செலவில்லாத கல்வியன்று. செலவைச் சமுதாயம் பொதுவிலே ஏற்றுக்கொண்ட கல்வியேயாகும். 1980 முதல் நம் பிள்ளைகள் கையில் கிடைக்கும் இலவசப் பாடநூலுக்குப் பின்னே எழுத்தாளர் குழுவும், அச்சகமும், களஞ்சியமும், லொறியும், அவற்றிலே வேலைசெய்யும் தொழிலாளரின் சம்பளமும் இருக்கின்றன. அவ்வாறே, இலவச மென்பொருளுக்குப் பின்னேயும் உழைப்பு இருக்கின்றது. அவ்வுழைப்பை யார் தலையிலே சுமத்துவது என்பதுதான் பேசப்படாத பிரச்சினை.

மூடிலை நிறுவுவது ஒரு பிற்பகல் வேலை. அதனைப் பேணுவது ஆண்டு முழுவதற்குமான வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகின்றது. பழைய பதிப்புகளுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் குறிப்பிட்ட காலத்தின்பின் நின்றுவிடுகின்றன. கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளைத் திட்டத்தினர் வெளிப்படையாக அறிவிக்கின்றனர். இது நல்ல வழக்கமே, ஆனால் திருத்தாமல் விட்டவனின் வீட்டிலே எந்தச் சாளரம் உடைந்திருக்கின்றது என்பதைத் திருடனும் அவ்வறிவித்தலிலிருந்தே தெரிந்துகொள்கின்றான். தரவுகளுக்குப் பிரதி எடுத்துவைக்க வேண்டும். எடுத்த பிரதி உண்மையிலே மீள விரிகின்றதா என்று சோதித்துப் பார்க்கவேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட துணைநிரல்கள் கிடைக்கின்றன. அவற்றுட் சில, எழுதியவர் கைவிட்டதால் அநாதையாகி, அடுத்த பதிப்பிலே முழுத் தளத்தையும் முடக்கிவிடுகின்றன.

இவ்வேலை நமது பாடசாலைகளிலே யாருடையது? தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியருடையது. வாரம் முழுவதும் பாடவேளைகள் நிறைந்த அவரே, மேலதிகாரியின் ஒரு வாய்மொழிக் கட்டளையால் தளநிர்வாகியும் ஆகின்றார். அதற்குப் படி இல்லை, பாடவேளைக் குறைப்பு இல்லை, பயிற்சியும் இல்லை. அவர் இடமாற்றம் பெற்றுச் சென்ற மறுநாள் கடவுச்சொல்லும் அவருடன் சென்றுவிடுகின்றது, தளம் அநாதையாகின்றது. பிறகு, ‘திறந்த மூல மென்பொருள் சரிவராது’ என்று வலயக் கல்விப் பணிமனை தீர்ப்பளிக்கின்றது. சரிவராதது மென்பொருளா, அல்லது ஒருவரின் ஊதியமற்ற உழைப்பின்மேல் ஒரு பாடசாலையையே நிறுத்திவைக்கும் நிருவாகமா?

2020 மார்ச்சிலே பாடசாலைகள் மூடப்பட்டபின் நமது ஆசிரியர்கள் தம் சொந்த அலைபேசியிலே, தம் சொந்தக் காசில் தரவு வாங்கி, வட்ஸ்அப்பிலும் சூமிலும் படிப்பித்தனர். 2021 யூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபோது, அவர்களைச் சுயநலக்காரர் என்று ஏசிய குரல்கள் எத்தனை! சம்பள முரண்பாடே அப்போராட்டத்தின் மையம். ஆயினும், வகுப்பறையின் கூரையிலிருந்து கரும்பலகை வரை யாவற்றையும் ஆசிரியரே வாங்கிவர வேண்டும் என்று அரசு எதிர்பார்க்கத் தொடங்கியதன் கசப்பும் அதனுள்ளே கலந்திருந்தது. திறந்த மூல மென்பொருளின் பெயரால் இதே எதிர்பார்ப்பு மீண்டும் வருமாயின், அதனை எதிர்ப்பதிலும் நாமே முன்நிற்போம். பொதுவுடைமை என்பது ஏழை ஆசிரியனின் இரவு நேரத்தைப் பொதுவுடைமையாக்குவதன்று.

மொழிப் பிரச்சினை அடுத்தது. மூடிலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு, தொண்டர்கள் செய்தது, முழுமையுறாதது. மேல்வரி தமிழிலும் அடுத்த வரி ஆங்கிலத்திலுமாக நிற்கும் பக்கத்தின் முன்னே ஒன்பதாம் வகுப்பு மாணவன் திகைக்கின்றான். ஒரே சொல்லுக்கு இந்தியத் தமிழர் ஒன்றும் நாம் ஒன்றும் வழங்குவதால் வரும் குழப்பம் வேறு. இன்னுமொன்று: நம் ஆசிரியர்கள் பல்லாண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்த பாடக்குறிப்புகளிற் பெரும்பகுதி ‘பாமினி’ எழுத்துருவிலே கிடக்கின்றது. அவற்றைத் தளத்திலே ஏற்றினால் தமிழெழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளின் குப்பையே தோன்றும். ஒருங்குறிக்கு மாற்றினாலன்றி அவற்றுள் ஒரு சொல்லைத் தேடவும் இயலாது. இஃது எந்த வெளிநாட்டுக் கம்பனியும் நமக்காகச் செய்யப்போகும் வேலையன்று. மூலநிரல் திறந்திருப்பதனால், திருத்தும் உரிமை நம்மிடம் இருக்கின்றது. உரிமை இருக்கின்றது என்பதற்காக வேலை தானாக நடந்துவிடாது.

கற்பித்தலைப் பற்றியும் ஒரு சொல். மூடில் உருவாக்கப்பட்டபோது, அறிவை மாணவர் தாமே கூடிக் கட்டியெழுப்ப வேண்டும் என்ற கல்விக் கொள்கையே அதன் அடித்தளமாக இருந்தது. கலந்துரையாடல் களம், கூட்டாக எழுதும் பக்கம், சொற்களஞ்சியம், ஒருவர் ஆக்கத்தை மற்றவர் மதிப்பிடும் பயிற்சிப் பட்டறை ஆகியன அதற்காகவே அமைந்தன. நாமோ அதனைப் பி.டி.எப். கோப்புகளைக் கொட்டிவைக்கும் களஞ்சியமாக்கிவிட்டோம். குறிப்பு இறக்கு, மனப்பாடம் செய், கடந்தகால வினாத்தாளைப் போட்டுப் பார் என்ற பரீட்சைப் பண்பாட்டை மென்பொருள் மாற்றுவதில்லை. அதனை வேகப்படுத்த மட்டுமே செய்கின்றது. மேலும், மாணவன் எந்த நிமிடம் எந்தப் பக்கத்தைத் திறந்தான் என்பதை இத்தளம் பதிந்து வைக்கின்றது. ஆசிரியர் எத்தனை முறை உள்ளே வந்தார் என்பதும் பதிவாகின்றது. பின்தங்கும் பிள்ளையைக் கண்டு கைகொடுக்க அப்பதிவு உதவலாம். ஆசிரியரை வேவு பார்க்க அதிகாரி கையிலே சாட்டையாகவும் மாறலாம். மூலநிரல் திறந்திருப்பதனால் மட்டும் அதிகாரம் சனநாயகமாகிவிடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஆள்சார் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டிலே இருக்கின்றது. பாடசாலைப் பதிவை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்ற ஒழுங்குவிதியைக் கேட்டுப் பெறவேண்டியவர்கள் ஆசிரியரும் பெற்றோருமே.

‘இத்தனை தொல்லை இருக்குமாயின், பணத்தைக் கட்டிக் கம்பனியிடமே ஒப்படைத்துவிடலாமே, பொறுப்பு அவர்களுடையதாகிவிடும்’ என்று இப்போது சிலர் குறுக்கிடுவர். பணம் கட்டினால் பொறுப்புத் தீரும் என்பது ஒரு மயக்கம். 2023 ஓகஸ்ட் 26 அன்று நமது அரசாங்க மின்னஞ்சல் முறைமை மீது கப்பத் தாக்குதல் நிகழ்ந்தது. அவ்வாண்டு மே 17 முதல் அன்றுவரையான மடல்கள் அழிந்தன. அக்காலத்துக்கான வெளிப்பிரதி இருக்கவில்லை. அம்முறைமை திறந்த மூல மென்பொருளில் இயங்கியதன்று. மைக்ரோசொவ்ற் கம்பனியின் பழைய பதிப்பொன்றிலே, உரிய காலத்திலே புதுப்பிக்கப்படாமல், அது கிடந்தது. ஆகவே பேணுதல் இன்றேல் மூடிய பெட்டியும் உடையும், திறந்த பெட்டியும் உடையும். வேறுபாடு ஒன்றுதான்: திறந்த பெட்டியைப் பழுதுபார்க்க நமக்கு உரிமை உண்டு, மூடிய பெட்டியைப் பழுதுபார்க்க உரியவனின் கதவைத் தட்டி நிற்கவேண்டும்.

‘நம்மவரால் இதெல்லாம் இயலுமா?’ என்ற அடிமை மனப்பான்மைக்கும் விடை கூறியாக வேண்டும். 2004 டிசெம்பரிலே ஆழிப்பேரலை நம் கரைகளை விழுங்கியபோது, காணாமற் போனோரைப் பதிவதற்கும் முகாம்களை ஒழுங்குபடுத்துவதற்கும் இந்நாட்டின் இளைஞர்கள் சில நாட்களிலேயே ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினர். அது பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப்பயன் விருதை 2006ஆம் ஆண்டுக்கு வென்றது. பேரழிவின் நடுவே இயன்ற ஒன்று, அமைதிக் காலத்திலே பாடசாலைக்கு இயலாதா? அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 2001இலே பாடசாலைகளுக்கான கணினித் திட்டத்தைத் தொடங்கிய அம்மாநிலம், சில ஆண்டுகளுள் அதனைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017இலே ‘கைற்’ என்னும் தனி அரச நிறுவனமாக அதனை வளர்த்தது. ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்களைத் தெரிந்து, அப்பணிக்கென்றே நியமித்தது. மலையாளத்திலே கணினி பேசுகின்றது. அங்கே மென்பொருள் மட்டும் சுதந்திரமானதன்று. அதனைப் பேணும் மனிதருக்கும் ஓர் இடம், ஒரு பதவி, ஒரு சம்பளம் உண்டு. வெற்றியின் இரகசியம் வேறொன்றுமில்லை.

நமது நாட்டிலே 10,000க்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு தளத்தைக் கட்டிப் பேணவேண்டும் என்று சொல்பவன் பித்தன். எல்லாவற்றையும் கொழும்பிலுள்ள ஒரே தளத்தில் அடைக்கவேண்டும் என்று சொல்பவன் அதிகாரி. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. மாகாணந்தோறும் ஒரு தொழினுட்பக் குழு அமைக்கப்படல் வேண்டும். அது நிரந்தரப் பதவிகளைக் கொண்டதாயும் சம்பளம் பெறுவதாயும் இருத்தல் வேண்டும். மாகாணத்துப் பாடசாலைகளின் தளங்களை அக்குழு பேணட்டும். தளத்தினுள்ளே என்ன கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்பதை ஆசிரியர் தீர்மானிக்கட்டும். பாடசாலைத் தளநிர்வாகம் செய்யும் ஆசிரியருக்குப் பாடவேளைக் குறைப்பும் படியும் வழங்கப்படல் வேண்டும். பொதுப்பணத்திலே தயாரிக்கப்படும் பாடங்கள் பொது உரிமத்தின்கீழ் மூன்று மொழிகளிலும் வெளிவருதல் வேண்டும். தயாரித்த ஆசிரியரின் பெயர் அவற்றிலே பொறிக்கப்படல் வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பைத் தொண்டரின் ஓய்வுநேரத்துக்கு விட்டுவிடாமல், மொழித்துறையினரும் கணினித்துறையினரும் மாணவரும் சேர்ந்த குழுவொன்றிடம் ஊதியத்துடன் ஒப்படைத்தல் வேண்டும். 2020இலே பல்கலைக்கழகத் தளங்களுக்குத் தரவுக் கட்டணமில்லாத அணுகலை ‘லேர்ன்’ வலையமைப்பு மூலம் வழங்க முடிந்தது. பாடசாலைத் தளங்களுக்கு அதனை நிரந்தர உரிமையாக்கல் வேண்டும். மலையகத்திலும் வன்னியிலும் இணையம் எட்டாத பாடசாலைகளுக்கு உள்ளகத் தளங்கள் நிறுவப்படல் வேண்டும்.

இவை வானத்திலிருந்து விழமாட்டா. இலவசக் கல்வியும் வானத்திலிருந்து விழவில்லை. 1945இலே அது நடைமுறைக்கு வருவதற்கு முன் எத்தனை பிரபுக்கள் அதனை எதிர்த்தார்கள்! ‘சமையற்காரன் மகனும் படிக்கப் போனால் சமைப்பது யார்’ என்ற தோரணையிலே அன்று பேசியவர்களின் வாரிசுகளே, இன்று ‘கம்பனி தருவதை வாங்கிக்கொண்டு சும்மா இருங்கள்’ என்கின்றனர். 1960, 1961ஆம் ஆண்டுகளிலே உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, பாடசாலை யாருக்குச் சொந்தம் என்ற வினா இந்நாட்டின் வீதிகளிலே விவாதிக்கப்பட்டது. அவ்வினா இன்று கணினியின் திரைக்குள்ளே புகுந்திருக்கின்றது. வீதியிலே தெரிந்த வேலி எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. திரைக்குள்ளே போடப்படும் வேலி தெரிவதில்லை. அதுவே அதன் ஆபத்து.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! திறந்த மூல மென்பொருளை வரவேற்போம். மாயமருந்தாக அன்று, நமக்குரிய நிலமாக. உழாத நிலம் தரிசாகும். உழுபவனுக்குக் கூலி கொடாத நிலம் பண்ணையாரின் நிலமாகும். நிலமும் பொதுவாகி, உழைப்புக்கு உரிய ஊதியமும் கிடைக்கும்போதே விளைச்சல் மக்களுக்கு உரியதாகும். அடுத்த தவணை தொடங்குமுன் ஒவ்வோர் ஆசிரியர் சங்கக் கிளையும் தன் வலயக் கல்விப் பணிமனையிடம் மூன்று கேள்விகளை எழுத்திலே கேட்கட்டும்: நமது பிள்ளைகளின் பதிவுகள் எங்கே இருக்கின்றன? அவற்றைப் பார்ப்பவர் யார்? அவற்றைப் பேணுபவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? விடை வரும்வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்.